நீயே சொல்லு, எந்த டயர்?

எங்கள் மதினிக்குக் கால் கிலோ கத்திரிக்காய் வாங்கவும் நாலு பேர் சம்மதம் வேண்டும். ஆலங்குடிச் சந்தையில் பச்சைக் கத்திரி ஒரு கூறு, ஊதாக் கத்திரி ஒரு கூறு என்று வைத்திருப்பார்கள். மதினி காயைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். "நீயே சொல்லு" என்பாள். நான் கூடப் போகாத நாட்களில் விற்கிற அம்மாவிடமே கேட்பாள். "ரெண்டுல எதுங்க வாங்கலாம்? நீங்களே சொல்லுங்க." அந்த அம்மாவும் சளைக்காமல் எது விற்காமல் கிடக்கிறதோ அதைக் கைகாட்டும். எங்கள் வீட்டுக்கு முற்றின கத்திரிக்காய் வந்து சேரும்.

பஸ்ஸில் ஏறினால் எந்த சீட்டில் உட்காரலாம் என்று கண்டக்டரைக் கேட்பாள். டீக்கடையில் டீயா காப்பியா என்றால் பக்கத்தில் நிற்பவர் என்ன குடிக்கிறார் என்று பார்ப்பாள். அவள் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை, எல்லாவற்றுக்கும் விதி இருந்தது.

நான் நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதையே ஒரு மதியச் சாப்பாட்டுக்குள் முடிவு செய்து, கை கழுவும்போது ஆத்தாவிடம் சொன்னவள். அதனால் மதினியின் இந்த "நீயே சொல்லு" எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். சில நாள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வேன். மழையே இல்லாத தை மாதத்துச் சாயங்காலத்தில் குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால், சரி என்று எடுத்துக்கொண்டு போவாள். அதைப் பார்த்த பிறகு விளையாட்டும் கசந்துவிட்டது.

ஆனால் மதினி இப்படிப் பிறந்தவள் இல்லை. என் அண்ணனைப் பெண் பார்க்க வரச் சொன்ன அன்று, பெரியவர்கள் உள்ளே போய்க் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்க, "எனக்குச் சம்மதங்க" என்று கூடத்தில் வந்து சொன்னவள் அவள். எங்கள் தென்னந்தோப்பில் போர் போட இடம் பார்க்க வந்தவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வடக்கும் தெற்குமாக நடந்து ஓரிடத்தில் நின்றார். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மதினி, "அங்கிட்டு வேணாம், இங்கிட்டுப் போடுங்க, இங்கதான் நாவ மரம் பச்சையா நிக்குது" என்றாள். அவள் சொன்ன இடத்தில்தான் போட்டார்கள். இன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம். வீட்டுக்கு என்ன வண்ணம், முந்திரித் தோப்பை யாருக்குக் குத்தகை விடுவது, ஆத்தாவுக்கு எந்தக் கண் டாக்டர், எல்லாம் மதினிதான். அண்ணன் சிரிப்பான். "நான் சம்பாரிக்கிறதோட சரி. மூளை அங்க இருக்கு" என்று அடுப்படியைக் காட்டுவான்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மதினி கார் சாவியை எடுத்தாள். அண்ணனை முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, அவளே ஓட்டினாள். புதுக்கோட்டை போகும் மெயின் ரோட்டில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்ததாம். போனில் அந்த ரோடு முழுக்கச் சிவப்பாகக் காட்டியது. கண்மாய்க்கரை வழியாக ஒரு சின்னக் கோட்டைக் காட்டி, இப்படிப் போனால் சீக்கிரம் போகலாம் என்றது. மதினி அந்தப் பக்கம் திருப்பினாள்.

கண்மாய் நிரம்பி, கலிங்கில் வழிந்த தண்ணீர் பாதை மேல் போய்க்கொண்டிருந்தது. செம்மண் கொழகொழத்துக் கிடந்தது. பின் டயர் இரண்டும் வழுக்கை. அண்ணன் அந்த வாரம்தான் மாற்றணும் என்று சொல்லியிருந்தான். மதினிதான் "தீவாளி முடியட்டும்" என்றிருந்தாள். கார் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அண்ணன் இல்லை. மெயின் ரோட்டில் காத்துக் கிடந்து வந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் சொல்ல முடியாது என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

காரியம் முடிந்த அன்று ஆத்தா ஒரே ஒரு தடவை சொன்னது. "மெயின் ரோட்டுலயே போயிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்." பிறகு ஆத்தா அதைச் சொன்னதே இல்லை. மதினியும் கேட்காதது போலக் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லி ஊற்றவா, தோசை ஊற்றவா என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் இட்லி என்றேன். அதுதான் ஆரம்பம்.

காரை விற்றுவிட்டோம். மதினி ஆபீசுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். நான் அப்போது புதுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிள் ஓட்டும் ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தேன். டாக்டர், பேங்க் மேனேஜர், பல்லி மாதிரி ஒட்டின சட்டை போட்ட வளைகுடா ரிட்டர்ன், எல்லாரும் உண்டு. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மதினியை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வரவா வேண்டாமா என்று கேட்டாள், வாங்க என்றேன். அவள் வந்ததற்கு அதற்கு மேல் காரணம் இல்லை.

ஆனால் ஓட்ட ஆரம்பித்த பிறகு நாங்கள் எல்லாரும் வாயடைத்துப் போனோம். திருமயம் பக்கத்துச் சரளைப் பாதையில், ஆண்கள் இறங்கித் தள்ளுகிற மேட்டில், மதினி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடுவாள். மேலே போய் நின்று, "இப்ப எறங்கவா?" என்று கேட்பாள். கூட்டமே சிரிக்கும். அவளும் கொஞ்சம் சிரிப்பாள்.

அந்த வருஷம் கர்நாடகத்து மலைப்பக்கம் ஒரு மலைச் சைக்கிள் பந்தயம் அறிவித்தார்கள். பல நாள் ஓட வேண்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓடும் பிரிவும் உண்டு. வழியில் அம்புக்குறி எதுவும் இருக்காது, பாதையை மட்டும் போனில் திறந்து பார்க்கிற கோப்பாக முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் யோசிக்கவே இல்லை, இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன்.

"மதினி, சாப்பாடு, பணம், டிக்கெட்டு எல்லாம் நான் பாத்துக்கிறேன். டயரும் வழியும் ஒங்க பொறுப்பு. என்கிட்ட கேக்கக் கூடாது."

"எனக்கு என்ன தெரியும்? நீயே சொல்லு."

"மாட்டேன்."

முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. டயரும் வழியும்தான் அவளைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டையும் அவளே ஒரு தடவை எடுத்து, ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்துவிட்டால் பழைய மதினி கிடைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அந்த மதினி வேண்டும். அண்ணனைத்தான் எடுத்துக்கொண்டாயிற்று, அவளையாவது திருப்பிக் கொடு என்று சாமியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அதன் பிறகு எங்கள் கூடம் சைக்கிள் கடை ஆனது. ஆத்தா தூணோரம் கிடந்த டயரைத் தாண்டித் தாண்டிப் போகும். கடைசியில் இரண்டு டயர் மிஞ்சியது. ஒன்று ஒல்லி, எடை குறைவு, மேடு ஏறச் சுகமாக இருக்கும். இன்னொன்று அகலம், குமிழ் குமிழாகப் பெரிய பல், பக்கவாட்டிலும் தடித்த ரப்பர், தூக்கினால் கை வலிக்கும். மதினி சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்தாள். தோப்புக்குப் பின்னால் போய்ச் சீமைக்கருவேல முள்ளை ஒடித்து வந்து, மணையில் டயரை வைத்து அம்மிக்குழவியால் முள்ளை உள்ளே தட்டினாள். ஒல்லி டயரில் முள் நறுக்கென்று இறங்கியது. தடித்த டயரில் பாதியில் ஒடிந்தது.

"அப்ப இதுதானே?" என்றேன், வாயைக் கட்ட முடியாமல்.

"எடை கூட இருக்கே. மேட்டுல மூச்சு வாங்கும். நீயே..." என்று ஆரம்பித்து, என் முறைப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சைக்கிள் கூட்டத்து டாக்டரைக் கேட்டாள். ஒல்லி என்றார். பேங்க் மேனேஜரைக் கேட்டாள். தடி என்றார். ஆபீஸ் டிரைவர், தபால்காரர், தேங்காய் பறிக்க வந்தவர் வரை ஓட்டுப் போட்டாயிற்று. கடைசியில் அய்யனார் கோயிலில் பூப்போட்டுக் கேட்கலாம் என்றாள்.

எங்கள் ஊரில் பெண் எடுக்க, நிலம் வாங்க எல்லாம் இப்படிக் கேட்பது வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் கையில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"என்ன காரியம்னு மனசுல நெனச்சுக்கங்க தாயி. நல்ல காரியந்தானே?"

"டயருங்க" என்றாள் மதினி.

"எதுங்க?"

"சைக்கிள் டயருங்க. சிவப்புன்னா தடி, வெள்ளைன்னா ஒல்லி."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் மண்குதிரையைப் பார்த்தேன். அவர் சூடம் காட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை வந்தது. மதினி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசலுக்கு வந்தாள். அங்கே வரிசையாக நின்ற மண்குதிரைகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"சாமிக்கு என்னடி தெரியும்? அது குதிரையில போகுது" என்றாள். வீட்டுக்கு வந்து தடித்த டயரையே எங்கள் இரண்டு பேர் சைக்கிளிலும் மாட்டிவிட்டாள்.

நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். சாமியையே எதிர்த்து ஒரு முடிவு. போர் போட்ட மதினி எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

வழி காட்டும் கருவியில் அவ்வளவு பாடு இல்லை. போனையும் வைத்துக்கொள்ளலாம், சைக்கிள் கைப்பிடியில் மாட்டுகிற சின்ன ஜிபிஎஸ் கருவியும் இருந்தது. போனில் படம் பெரிதாக, வண்ணமாகத் தெரியும். கருவியில் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் போகும். மதினி கருவிதான் வேண்டும் என்றாள். ஆச்சரியமாக இருந்தது, ஏன் என்று கேட்டேன்.

"இதுல வேற வழியே காட்டாது. ஒரே கோடு" என்றாள்.



மலைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த மலையில் ஈரமும் வேரும் வழுக்குப் பாறையும் இருந்தன, பேருக்கு ஒரு முள் கிடையாது. கருவேலங்காட்டு முள்ளுக்குத் தப்பிக்க ஆலங்குடியில் அம்மிக்குழவி வைத்துச் சோதித்த டயரை நாங்கள் மூச்சிரைக்க மேலே இழுத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் சிட்டாகப் பறந்தார்கள். மதினிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முள்ளு இல்லாத ஊரும் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அண்ணன் போன பிறகு அதுதான் முதல் தடவை. தோற்றாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். பாதை ஒரு ஓடையில் போய் முடிந்தது. தண்ணீர் சிவப்பாகச் சுழித்துப் போனது. அக்கரையில் பாதை தொடர்வது தெரிந்தது. கருவியின் கோடு ஓடைக்குள் நேராக இறங்கிப் போனது. இக்கரையிலேயே இடது பக்கம் ஒரு காட்டுப் பாதை மேலே ஏறியது. மலையைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ பாலத்தில் சேரும் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். சுற்றினால் பந்தயக்காரர்கள் நேரம் குறிக்கிற அடுத்த நிலையத்தை மூடுவதற்குள் போய்ச் சேர்வது கஷ்டம்.

மதினி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு."

"வழி ஒங்க பொறுப்பு மதினி."

"இந்த ஒரு தடவை. இப்படிப் போகவா? நீ சொல்லு."

நான் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை அவள் ஹெல்மெட்டில் விழுந்து முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"தண்ணி வேணாம். சுத்திப் போவோம்" என்றாள்.

சுற்றிப் போனோம். அந்த மேட்டில் அந்த டயரைத் தள்ளிக்கொண்டு ஏறினது என் ஆயுசுக்கும் மறக்காது. நிலையத்தை அடைந்தபோது சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்துவிட்டது, நீங்கள் பந்தயத்தில் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர் கூடாரத்தில் புளியோதரை தின்றுகொண்டிருந்தார்கள். மதினி நேராக அவர்களிடம் போனாள்.

"நீங்க ஓடையில எறங்கியா வந்தீங்க?"

"ஆமாங்க்கா."

"தண்ணி எம்புட்டு இருந்துச்சு?"

"முழங்காலுக்குக் கீழதாங்க்கா. பாக்கத்தான் பயமா இருந்துச்சு."

மதினி தலையாட்டினாள். எனக்கு அந்தப் பையன்களை அடிக்கலாம் போல் இருந்தது. அவள் தட்டு வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"அன்னைக்குத் தண்ணியில எறக்குனேன், தப்பாப் போச்சு. இன்னைக்குத் தண்ணிய விட்டுட்டுச் சுத்தி வந்தேன், இதும் தப்பாப் போச்சு" என்றாள். குரலில் அழுகை இல்லை.

"பந்தயந்தானே மதினி. விடுங்க."

"ஒனக்கு ஒங்க அண்ணன் மொகம். தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். எல்லாரும் சொல்வதுதான்.

"கண்மாய்க்கரையில திரும்புறப்ப அவருகிட்ட கேட்டேன். இப்படிப் போகவாங்கன்னு கேட்டேன். அவரு வாயத் தொறக்கல. தலைய ஆட்டுனாரு. சரின்னு ஆட்டுனாரா, வேணாம்னு ஆட்டுனாரா, வலி தாங்காம ஆட்டுனாரா, இன்ன வரைக்கும் எனக்குத் தெரியல. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்." தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். "அதுலேருந்து ஒன்னையக் கேட்டுக்கிட்டே இருக்கேன். கத்திரிக்காய்க்கா கேட்டேன்? அந்த மொகம் ஒருவாட்டி வாயத் தொறந்து சொல்லிடாதான்னு கேட்டேன்."

ஓடைக்கரையில் அந்த முகம் மறுபடியும் வாயைத் திறக்காமல் நின்றதை நினைத்தேன். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. எச்சில் கையோடு அப்படியே இருந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு மதினி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முதலில் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. பச்சைக் கத்திரி வந்தது, பிஞ்சாக இருந்தது. தோசையா இட்லியா என்ற பேச்சே இல்லாமல் ஒருநாள் அடை வந்தது. ஆத்தா சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றது. பழைய மதினி வந்துவிட்டாள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லாத குறை.

தை பிறந்ததும் ஒரு காலையில் மதினி கூடத்தில் வந்து நின்று சொன்னாள். மணமேல்குடிக்கு மாறுதல் கேட்டிருந்தாளாம், கிடைத்துவிட்டதாம். அவள் பிறந்த ஊர்ப்பக்கம். அங்கேயே வீடு பார்த்துவிட்டாளாம்.

"யாரைக் கேட்டு?" என்றது ஆத்தா.

"யாரையும் கேக்கல அத்தை. போகணும்னு தோணுச்சு."

"நான் அன்னைக்குச் சொன்னதுக்கா?" என்று கேட்டது. இத்தனை காலத்தில் அதுதான் ஆத்தா அந்தப் பேச்சை மறுபடி எடுத்தது. மதினி குனிந்து ஆத்தாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். "அதுக்கில்ல அத்தை. இங்க இருந்தா நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள்.

நான்தான் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். சைக்கிளை என்னிடமே விட்டுவிட்டாள். அறந்தாங்கி போய் மாற வேண்டும். அறந்தாங்கி பஸ் இரண்டு நின்றன, ஒன்று முன்னால் கிளம்புவது, ஒன்று காலியாக இருந்தது. வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே எப்படியும் இரண்டு பஸ் நிற்கும், பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்புவாள். எதுல ஏற, நீயே சொல்லு என்பாள். இந்தத் தடவை நான் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். எதுலயும் ஏறாதீங்க மதினி, வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிடுவேன்.

மதினி இரண்டு பஸ்ஸையும் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு காலியாக இருந்ததில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அண்ணன் முகத்தை வைத்துக்கொண்டு கீழேயே நின்றேன். அவள் என்னை ஒன்றுமே கேட்கவில்லை.